இரைச்சல் என்ற ஒற்றைச் சொல்

வாயு நிரப்பிய எக்ஸ் கதிர் உணரிகளைக் கொண்டு செய்யப்படும் ஆய்வுகளின் செய்முறைப் பகுதியில் ஒரு வாக்கியத்தை அடிக்கடி காணலாம்: "பின்னணி இரைச்சல் நீக்கப்பட்டது." ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் அதன் அமைப்பு ஒன்றுதான். செயப்பாட்டு வினை, எழுவாய் மறைந்திருக்கிறது. யார் நீக்கினார், எந்த விதியைக் கொண்டு நீக்கினார், அந்த விதி எதை உடன் கொண்டுபோயிற்று என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த வாக்கியத்தில் இடமில்லை. இந்த வாக்கியத்தை நம் பல்கலைக்கழகங்கள் இனி அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதே இப்பதிவின் வாதம்.

நான் முதுகலையில் பயின்றது மொழியியல். அறிவியல் எழுத்தின் மொழியை வாசிப்பது என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. இயற்பியல் துறை நண்பர்களுக்கு உணரி வடிவமைப்பைக் கற்பிக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் ஒரு சொல் மூன்று வேறுபட்ட பொருள்களைச் சுமக்கும்போது சிந்தனை எங்கே இடறும் என்பதைச் சுட்டுவது என் துறையின் வேலை.

முதலில் கருவி. ஒரு மூடிய பெட்டிக்குள் செனான் போன்ற வாயு; அதனூடே மெல்லிய கம்பிகள்; கம்பிகளுக்கு உயர் மின்னழுத்தம். உள்ளே நுழையும் எக்ஸ் கதிர் ஃபோட்டான் ஒரு செனான் அணுவால் உட்கவரப்பட்டு, எலெக்ட்ரான் ஒன்றை வெளித்தள்ளுகிறது. அந்த எலெக்ட்ரான் வாயுவில் ஓடி மேலும் பல எலெக்ட்ரான்களை விடுவிக்கிறது. செனானில் ஓர் எலெக்ட்ரான்–அயனி இணை உருவாகச் சராசரியாக ஏறத்தாழ 22 எலெக்ட்ரான் வோல்ட் செலவாகும். எனவே 6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஃபோட்டான் 270 எலெக்ட்ரான்களைப் போலத் தருகிறது. அவை கம்பியை நெருங்கும்போது ஆயிரக்கணக்கான மடங்கு பெருகி, அளக்கக்கூடிய மின்துடிப்பாகின்றன. துடிப்பின் உயரம் ஃபோட்டானின் ஆற்றலுக்கு விகிதமாக இருப்பதால் இக்கருவியை விகிதமுறை எண்ணி என்கிறோம். உடன் கலக்கப்படும் சிறிதளவு மீத்தேன், பெருக்கத்தின்போது எழும் புறஊதா ஒளியை உட்கொண்டு, துடிப்பு கட்டுமீறாமல் காக்கிறது.

இந்தப் பெட்டிக்குள் விண்மீனிலிருந்து வராத துடிப்புகளும் எழுகின்றன. அவற்றை எல்லாம் சேர்த்து 'இரைச்சல்' என்கிறோம். ஆனால் அங்கே இருப்பவை மூன்று. ஒன்று, பெருக்கிச் சுற்றுகளிலும் மின்னழுத்த இணைப்புகளிலும் எழும் மின்னணு அலைவு. இங்கே துகள் ஏதும் வரவில்லை. இரண்டு, காஸ்மிக் கதிர்களும், அவை விண்கலத்தின் உலோகத்தில் மோதி உண்டாக்கும் காமா கதிர்களும் வாயுவில் விடும் தடங்கள்; இங்கே துகள் மெய்யாகவே வந்திருக்கிறது, நாம் தேடியது அதுவல்ல என்பது மட்டுமே அதன் குற்றம். மூன்று, எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கம். 10,000 துடிப்புகளை எதிர்பார்க்கும் இடத்தில் 100 கூடியோ குறைந்தோ வருவது யாருடைய பிழையும் அன்று.

முதலாவதை நல்ல மின்சுற்றாலும், துடிப்பின் உயரத்துக்கு ஒரு கீழ்வரம்பு வைப்பதாலும் அடக்கலாம். இரண்டாவதைத் தடுக்கலாம், அடையாளம் கண்டு ஒதுக்கலாம், மீந்ததை மதிப்பிட்டுக் கழிக்கலாம். மூன்றாவதை நீக்கவே இயலாது. இரண்டாவதைக் கழித்த பின்னும் அதன் ஏற்ற இறக்கம் நம் அளவீட்டில் தங்கிவிடும். மூன்றுக்கும் ஒரே சொல், அதனோடு 'நீக்குதல்' என்ற ஒரே வினை என்று பழகிய மாணவர், கழித்தலையும் துடைத்தலையும் ஒன்றாகக் கருதுவதில் வியப்பில்லை. தரையைத் துடைத்தால் தூசி போய்விடும். பின்னணியைக் கழித்தால் அதன் நிச்சயமின்மை போவதில்லை.

ஒரு கற்பனைக் கணக்கு இதை விளக்கும். ஒரு மங்கிய மூலம் நொடிக்கு 1 துடிப்புத் தருகிறது. பின்னணி நொடிக்கு 100. மூலத்தை 1,000 நொடியும், அருகிலுள்ள வெற்று வானத்தை 1,000 நொடியும் நோக்குகிறோம். முதலதில் 1,01,000, இரண்டாவதில் 1,00,000, வேறுபாடு 1,000. ஆனால் அந்த வேறுபாட்டின் புள்ளியியல் நிச்சயமின்மை சுமார் 448. அதாவது கண்டதாகச் சொல்வதற்கே தயங்க வேண்டிய முடிவு. பின்னணியை நொடிக்கு 10 ஆகக் குறைத்தால் நிச்சயமின்மை 145 ஆகிறது; அதே மூலம் இப்போது ஐயமின்றித் தெரியும். பின்னணியைக் குறைக்காமல் காலத்தைக் கூட்டி மட்டும் இதே தெளிவைப் பெற வேண்டுமானால் ஒன்பதரை மடங்கு நேரம் வேண்டும்.

இதைவிட முக்கியமானது அடுத்த படி. பின்னணியின் மதிப்பீடு 2 விழுக்காடு தவறியது என்று கொள்வோம். 100 இல் 2 விழுக்காடு என்பது நொடிக்கு 2 துடிப்பு. அது நாம் தேடும் மூலத்தைப் போல் இரு மடங்கு. எத்தனை நாள் நோக்கினாலும் இந்தப் பிழை கரையாது. ஒரு முடிவின் உயிர் மூலத்தின் தரவில் மட்டுமன்றிப் பின்னணியின் தரவிலும் இருக்கிறது. ஆனால் ஆய்வேட்டில் முதலதற்குப் பல பக்கங்கள், இரண்டாவதற்கு ஒரு வாக்கியம்!

நம் நாட்டிலேயே இதற்கு மிகச் சிறந்த பாடம் ஒன்று இருக்கிறது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய லாக்ஸ்பிசி என்ற கருவி இடம்பெற்றது. அது மூன்று பெரிய விகிதமுறை எண்ணிகளின் தொகுதி. 3 முதல் 80 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரையான எக்ஸ் கதிர்களுக்காக வடிவமைக்கப்பட்டது. வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரு மடங்கு அழுத்தத்தில் வாயு, 15 சென்டிமீட்டர் ஆழம், ஐந்து அடுக்குகளில் அடுக்குக்குப் பன்னிரண்டாக 60 அறைகள். இந்தக் கருவியின் ஒவ்வொரு பகுதியும் பின்னணியைப் பற்றிய ஒரு தீர்ப்பு என்று படிக்கத் தக்கது.

சுற்றுப்பாதையே முதல் தீர்ப்பு. 1996 இல் ஐ.ஆர்.எஸ். பி-3 செயற்கைக்கோளில் சென்ற இந்திய எக்ஸ் கதிர் வானியல் கருவியும் விகிதமுறை எண்ணிதான். ஆனால் அந்தச் செயற்கைக்கோள் புவியைக் கண்காணிக்கத் துருவங்களை ஒட்டிச் சுற்றியது. மின்னூட்டத் துகள்கள் மிகுந்த பகுதிகளைக் கடக்கும் நேரமெல்லாம் வானியலுக்குப் பயன்படவில்லை. ஆஸ்ட்ரோசாட் 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை மட்டுமே சாய்ந்த பாதையில் வைக்கப்பட்டது. தென் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேலே துகள்கள் செறிந்த பகுதியின் ஓரத்தை மட்டும் அது தொட்டுச் செல்கிறது. அப்போது உயர் மின்னழுத்தம் குறைக்கப்படுகிறது.

இரண்டாவது தீர்ப்பு உறை. உணரியைச் சுற்றி வெள்ளீயத் தகடு, அதன்மேல் செம்புப் பூச்சு. வெள்ளீயம் பக்கவாட்டிலிருந்து வரும் கதிர்களைத் தடுக்கிறது. ஆனால் தடுத்த வெள்ளீயமே தன் பங்குக்கு 25 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அளவிலான எக்ஸ் கதிரை உமிழும். அதைச் செம்பு விழுங்கி, 8 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அளவில் மிகவும் வலுக்குறைந்த கதிராக மாற்றுகிறது. காவலுக்கு நிறுத்தியவரே பேசத் தொடங்க, அவரை அமைதிப்படுத்த இன்னொருவரை நிறுத்தியது போன்ற ஏற்பாடு.

மூன்றாவது தீர்ப்பு உடனிகழ்வு விதி. 60 அறைகளின் பக்கங்களிலும் அடியிலும் காவல் அறைகள் அமைந்துள்ளன. மின்னூட்டத் துகள் ஒன்று பெட்டியைக் குறுக்கே துளைத்துச் சென்றால், அது காவல் அறையிலும் உள்ளறைகளிலும் ஒரே கணத்தில் துடிப்பை எழுப்பும். எக்ஸ் கதிர் ஃபோட்டானோ பொதுவாக ஓரிடத்தில் உட்கவரப்பட்டு அடங்கிவிடும். ஆகவே, ஒரே கணத்தில் பல இடங்களில் துடிப்பு எழுந்தால் அது விண்மீன் தந்ததன்று, ஒதுக்குக என்பது விதி. எளிய விதி, பெரும்பாலும் சரியான விதி.

ஆனால் 34.6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இந்த விதி பொய்க்கிறது. அந்த எல்லையைத் தாண்டிய ஃபோட்டான் செனான் அணுவின் உட்புற ஓட்டிலுள்ள எலெக்ட்ரானை வெளியேற்ற முடியும். அவ்வாறு நேரும்போது, வெற்றிடத்தை நிரப்பும் அணு பெரும்பாலும் ஏறத்தாழ 30 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய இரண்டாவது ஃபோட்டானை உமிழ்கிறது. அது சில சென்டிமீட்டர் கடந்து இன்னோர் அறையில் உட்கவரப்படலாம். இப்போது ஒரே கணத்தில் இரண்டு துடிப்புகள். விதியைக் கண்மூடிப் பின்பற்றினால் விண்மீனிலிருந்து வந்த உண்மையான ஃபோட்டானையே தள்ளுபடி செய்திருப்போம்; அதுவும் இந்தக் கருவியின் தனிச்சிறப்பான உயர் ஆற்றல் பகுதியில். எனவே வடிவமைத்தவர்கள் ஒரு விலக்கு வைத்தனர்: இரண்டு துடிப்புகளில் ஒன்று 30 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய சாளரத்துக்குள் இருந்தால், இரண்டையும் கூட்டி ஒரே ஃபோட்டானாக ஏற்றுக்கொள். 50 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் ஒன்று 30 ஆகவும் 20 ஆகவும் பிரிந்து வந்தாலும் தன் முழுமையை மீட்டுக்கொள்கிறது. விலக்கு வழியே சில போலித் துடிப்புகளும் நுழையும் என்பதை அவர்கள் அறிவார்கள். அறிந்தே திறந்து வைத்த கதவு அது.

என் துறையில் இதற்கு நேரான நிலை ஒன்று உண்டு. உரசொலிகள் ஒலியியல் நோக்கில் ஒழுங்கான அதிர்வற்றவை; 'சொல்' என்பதன் முதல் ஒலியை ஒலிவரைபடத்தில் பார்த்தால் காற்றின் சீறல் போலத்தான் இருக்கும். களப்பதிவுகளில் விசிறியின் ஓசையைப் போக்க இரைச்சல் வடிகட்டியைத் தாராளமாகத் திருகினால், அந்த உரசொலிகளே தேய்ந்து போகும். பிறகு அந்தப் பதிவை ஆராய்பவர், இவ்வட்டாரத்தார் உரசொலியை மெலிதாக ஒலிக்கிறார்கள் என்று எழுதக்கூடும். வடிகட்டியின் குணம் மக்களின் குணமாகிவிடும்.

எக்ஸ் கதிர் உணரியிலும் அதே ஆபத்து. துடிப்பு எழும் வேகத்தைக் கொண்டு பிரிப்பது இன்னொரு பழைய உத்தி: ஃபோட்டான் விடும் எலெக்ட்ரானின் தடம் குறுகியது, துடிப்பு விரைந்து எழும், துளைத்துச் செல்லும் துகளின் தடம் நீண்டது, துடிப்பு மெல்ல எழும். ஆனால் ஃபோட்டானின் ஆற்றல் கூடக் கூட அதன் எலெக்ட்ரானின் தடமும் நீள்கிறது. எல்லைக்கோட்டை இறுக்கமாக வரைந்தால் உயர் ஆற்றல் ஃபோட்டான்கள் கூடுதலாகப் பலியாகும். அந்த இழப்பை அளந்து திருத்தாவிட்டால், நிறமாலை உயர் ஆற்றலில் உண்மையைவிட விரைவாகச் சரியும். கருந்துளையைச் சுற்றியுள்ள வாயுவின் வெப்பநிலை பற்றி நாம் எழுதும் முடிவு, நாம் வரைந்த கோட்டைப் பற்றிய முடிவாகிவிடும்.

இத்தனை தீர்ப்புகளுக்குப் பிறகும் ஒரு பகுதி மீந்து நிற்கும். விண்கலத்தில் பிறந்த காமா கதிர் வாயுவில் சிதறி, ஓர் எலெக்ட்ரானைத் தனியறை ஒன்றில் அடங்க விட்டால், அந்தத் துடிப்பு விண்மீன் ஃபோட்டானின் துடிப்பிலிருந்து எவ்வகையிலும் வேறுபடாது. எந்த விதியும் அதைப் பிரிக்காது. வெற்று வானத்தை நோக்கி அதன் அளவை அறிந்து கழிப்பதே வழி. அந்த அளவோ நிலையானதன்று. லாக்ஸ்பிசியின் பின்னணி சுற்றுப்பாதையோடும் ஏறக்குறைய ஒரு நாள் சுழற்சியோடும் ஏறி இறங்குகிறது. தவிர, கருவிக்கும் வயதாகிறது. மூன்று எண்ணிகளில் ஒன்றில் வாயு கசிந்தது. 2018 இல் அது நிறுத்தப்பட்டது. வாயு குறைந்தால் பெருக்கமும் மாறும்; பெருக்கம் மாறினால் நேற்றைய பின்னணி இன்றைய தரவுக்குப் பொருந்தாது.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். கருவிக் குழுவினர் மென்பொருளையும் பின்னணி மாதிரியையும் பொதுவில் தந்திருக்கிறார்கள். அவர்களைவிட ஒரு முதலாண்டு ஆய்வு மாணவருக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது என்பது அது. நியாயமான கேள்வி. எல்லோரும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டுமென்றால் அறிவியல் நகராது. ஆயினும், பொதுவான மாதிரி பொதுவான மூலத்துக்கு உரியது. ஒளிமிக்க மூலத்துக்குப் போதுமான துல்லியம் மங்கிய மூலத்துக்குப் போதாது என்பதை மேலே கண்ட 2 விழுக்காட்டுக் கணக்கே காட்டுகிறது. மங்கிய மூலங்களுக்கு மேலடுக்கை மட்டும் எடுத்துக்கொள்வது பயனுள்ள வழி: குறைந்த ஆற்றல் ஃபோட்டான்கள் பெரும்பாலும் மேலடுக்கிலேயே அடங்கிவிடுகின்றன, பின்னணியோ எல்லா அடுக்குகளிலும் பரவியிருக்கிறது. இதை அறிந்து தெரிவு செய்ய வேண்டியவர் பயனர்தான். மென்பொருள் கேட்கும்போது 'ஆம்' என்று அழுத்துவது தெரிவாகாது.

இன்னோர் எதிர்வாதம் எதிர்த்திசையில் வரும். தெரிவுகளை மாணவர் கையில் விட்டால், தமக்கு வேண்டிய முடிவு வரும்வரை எல்லைக்கோட்டை நகர்த்த மாட்டார்களா? நகர்த்தலாம். மருந்து, விதியை மறைப்பதில் இல்லை. விதியை எப்போது வகுத்தோம் என்பதில் இருக்கிறது. வெற்று வானத் தரவைக் கொண்டே எல்லைகளை முடிவு செய்து, எழுதி வைத்து, அதன்பின் மூலத்தின் தரவைத் திறப்பது என்ற ஒழுங்கு போதும்.

ஒதுக்கியதைப் பதிவு செய்வதால் கிடைக்கும் பயன் வெறும் நேர்மை மட்டுமன்று. 1962 ஜூன் 18 அன்று ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு அமெரிக்காவிலிருந்து ராக்கெட் ஒன்றில் கைகர் எண்ணிகளை அனுப்பியது. வாயு நிரப்பிய அந்த எண்ணிகளைச் சுற்றி, துகள்களை அடையாளம் கண்டு ஒதுக்கும் காவல் உணரிகளை வைத்திருந்தார்கள். 80 கிலோமீட்டருக்கு மேலே கிடைத்த நேரம் ஆறு நிமிடங்கூட இல்லை. தேடியது நிலவிலிருந்து வரும் எக்ஸ் கதிரை. கிடைத்தது, விருச்சிக மண்டலத் திசையில் சூரியக் குடும்பத்துக்கு அப்பால் முதன்முதலாக அறியப்பட்ட எக்ஸ் கதிர் மூலம். அத்துடன், எத்திசையில் திரும்பினாலும் குறையாத ஒரு மீதமும் இருந்தது. காவல் உணரிகள் துகள்களை ஒதுக்கிய பிறகும் நிலைத்து நின்றதால்தான் அந்த மீதத்தைக் கருவியின் குறை என்று தள்ளிவிடாமல் அவர்களால் அறிவிக்க முடிந்தது. வானெங்கும் பரவிய எக்ஸ் கதிர்ப் பின்னணி என்று இன்று நாம் அழைப்பது அதுவே. அதன் பெரும்பகுதி தொலைதூர விண்மீன் திரள்களின் மையக் கருந்துளைகளிலிருந்து வருவது என்பது பின்னாளில் தெளிந்தது. எதை எப்படி ஒதுக்கினோம் என்று சொல்ல முடிந்தவர்களுக்கே, எஞ்சியது என்ன என்று சொல்லும் உரிமை கிடைத்தது.

இந்தக் கேள்வி இந்தியாவில் பழங்கதையாகிவிடவில்லை. 2024 ஜனவரி 1 அன்று செலுத்தப்பட்ட எக்ஸ்போசாட்டில் உள்ள போலிக்ஸ் கருவி, பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. கதிரைச் சிதறவைக்கும் பொருளைச் சுற்றி நான்கு விகிதமுறை எண்ணிகளை வைத்து, சிதறிய கதிர்கள் எத்திசையில் எத்தனை என்று எண்ணி, மூலத்தின் முனைவாக்கத்தை அது அறிகிறது. தேடுவது மொத்த எண்ணிக்கையை அன்று. திசைக்குத் திசை உள்ள சிறு வேறுபாட்டை. நான்கு எண்ணிகளின் பின்னணி சமமாக இல்லாவிட்டால் அந்தச் சமமின்மையே முனைவாக்கம் போல வேடமிடும். அதனால்தான் கருவி பார்வை அச்சைச் சுற்றிச் சுழற்றப்படுகிறது. இந்தத் தரவைக் கையாளப் போகும் மாணவர்களுக்குப் பின்னணி என்பது ஒரு வாக்கியமாக இருக்க முடியாது.

ஆகவே என் பரிந்துரைகள் நான்கு. ஒன்று, ஆய்வேடுகளில் 'இரைச்சல் நீக்கப்பட்டது' என்பதற்கு மாறாக, மின்னணு அலைவை எந்த வரம்பால் தடுத்தோம், துகள் பின்னணியை எந்த விதிகளால் ஒதுக்கினோம், மீந்ததை எப்படி மதிப்பிட்டுக் கழித்தோம் என்று எழுவாயோடு மூன்று வாக்கியங்கள் எழுதுவோம். இரண்டு, ஒவ்வோர் ஒதுக்கல் விதிக்கும் பக்கத்தில் அதன் விலையைக் குறிப்போம்: பின்னணி எவ்வளவு குறைந்தது, மூலத்தின் துடிப்புகளில் எவ்வளவு போயிற்று, எந்த ஆற்றலில். மூன்று, பின்னணி மதிப்பீட்டின் நிச்சயமின்மையை இறுதி முடிவின் பிழையெல்லைக்குள் சேர்ப்போம். நான்கு, முதுகலை ஆய்வகத்தில் கதிரியக்க மூலமே இல்லாமல் எண்ணியை ஒரு நாள் முழுதும் ஓடவிட்டு, வந்த துடிப்புகளுக்குக் காரணம் கேட்கும் பயிற்சி ஒன்றை வைப்போம். இதற்குப் புதிய செலவு ஏதும் இல்லை.

தமிழில் எழுதுவோருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பின்னணி, இரைச்சல், ஏற்ற இறக்கம் என்ற மூன்று சொற்களும் நம்மிடம் முன்பே இருக்கின்றன. அவற்றை மாற்றி மாற்றி ஒரே பொருளில் வழங்காமல், மேலே சொன்ன மூன்று நிகழ்வுகளுக்கும் தனித்தனியே உரிமையாக்கினால் போதும். புதுச்சொல் எதையும் படைக்க வேண்டியதில்லை.

நெறியாளர்களுக்கும் ஒன்று. வாய்மொழித் தேர்வில், "நீங்கள் ஒதுக்கிய துடிப்புகளுள் உங்கள் மூலத்திலிருந்து வந்தவை எத்தனை இருக்கும்?" என்று கேளுங்கள். மாணவர் ஓர் எண்ணையும் அதன் பிழையெல்லையையும் சொன்னால், மீதிப் பக்கங்களை நம்பிக்கையோடு புரட்டலாம்.